சாம்பல் உப்பு

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் எந்த உரக்கடையில் நின்றாலும், செங்கல் பொடி நிறத்தில் ஒரு உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மூட்டையின் மேல் 0-0-60 என்று அச்சடித்திருக்கும். விவசாயிகளுக்கு அது ‘பொட்டாஷ்’. யூரியா போட்டால் இலை பச்சை கட்டும், பொட்டாஷ் போட்டால்தான் காய் திரளும் என்பார்கள். வாழை வைத்தவர்கள் மற்ற உரத்தில் கை சுருக்கினாலும் இதில் சுருக்க மாட்டார்கள். மண்ணிலிருந்து பொட்டாசியத்தை வாழை அளவுக்கு இழுக்கிற பயிர்கள் குறைவு.

அந்த மூட்டையில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அதே உப்பு, சுத்திகரிக்கப்பட்டு, மருத்துவமனையில் சின்னக் குப்பிகளில் இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துபோனவர்களுக்கு அதை நிறைய நீரில் கலந்து, சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில் ஏற்றுவார்கள். ஒரே தள்ளாக நரம்பில் செலுத்தவே கூடாது என்று செவிலியர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவார்கள். செலுத்தினால் இதயம் நின்றுவிடும். திறந்த இதய அறுவை சிகிச்சையில் இதயத்தை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதற்கும் பொட்டாசியம்தான் உதவுகிறது. 1955-இல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் காட்டிய வழி அது. காயைத் திரள வைப்பதும் இதயத்தை நிறுத்துவதும் ஒரே பொருள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இனி சொல்லப்போவது எளிதில் புரியும்.

செடியை எரித்த சாம்பலை நீரில் கரைத்து, பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் ‘பானைச் சாம்பல்’, அதாவது பொட்டாஷ். 1807-இல் ஹம்ஃப்ரி டேவி அந்த உப்பிலிருந்து கிடைக்கும் காரத்தை உருக்கி, மின்சாரம் பாய்ச்சி, அதற்குள் ஒளிந்திருந்த உலோகத்தைப் பிரித்தார். அதற்குப் பொட்டாசியம் என்று பெயர் வந்தது. இது செடியின் உப்பு. ஆகவே செடியிலிருந்து வரும் எல்லாவற்றிலும் இருக்கிறது: சிறுமலை வாழைப்பழத்தில், அய்யலூர் சந்தைக்கு வரும் தக்காளியில், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக இறங்கும் முருங்கையில், சாலையோரம் சீவித் தருகிற இளநீரில்.

கெட்ட பொருளா என்றால், இல்லவே இல்லை. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 3,510 மில்லிகிராமாவது பொட்டாசியம் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தத்தைத் தணிக்கும், பக்கவாதத்தைத் தடுக்கும். சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. சமையல் உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் உடம்பில் ஏறத்தாழ 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே, ரத்தத்திலும் செல்களைச் சுற்றிய நீரிலும், வெறும் இரண்டு பங்கு. இந்த ஏற்றத்தாழ்வை ஒவ்வொரு செல்லின் சுவரிலும் உள்ள ஒரு நுண்ணிய பம்ப் காக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நாம் தூங்கும்போதும் அது தூங்காது. 1957-இல் இதைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூவுக்கு நாற்பது ஆண்டு கழித்து, 1997-இல், நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே நிறைய, வெளியே கொஞ்சம் என்ற இந்த வித்தியாசம்தான் நரம்புக்கும் தசைக்கும் மின்சாரம். இதயம் துடிப்பதும் அதனால்தான். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். ஆய்வுக்கூடச் சீட்டில் ‘எம்.ஈ.க்யூ’ என்று போட்டிருந்தாலும் எண் அதேதான். 5.5-ஐத் தாண்டினால் மருத்துவர் கவனிப்பார். 6.5-ஐத் தாண்டினால் அவசர சிகிச்சை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நம் ரத்த நீர் முழுவதிலும் உள்ள பொட்டாசியத்தைச் சேர்த்தால் அரை கிராம் வரும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நல்ல இளநீர் ஒன்றில் அரை கிராமைத் தாண்டும். அதாவது ரத்த நீரில் இருக்கும் அளவுக்கே ஒரு பழத்திலும் இருக்கிறது. இருந்தும் நாம் பந்தியில் உட்கார்ந்து பழத்தைப் பாயசத்தில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு நலமாக எழுந்து வருகிறோம். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் செல்லுக்குள் அனுப்பிவிடுகிறது. பிறகு சிறுநீரகம் அதைச் சாவகாசமாக வெளியேற்றுகிறது. அன்றாடம் சாப்பிடும் பொட்டாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் போகிறது, மிச்சம் மலத்தில்.

சிறுநீரகம் தளர்ந்தால் இந்த வடிகால் அடைபடுகிறது. சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்கு இரட்டை ஆபத்து. இன்சுலினும் குறைவு, பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு உத்தரவிடும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சுமாராக இருக்கும்போதே பொட்டாசியம் ஏறிவிடும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, ஏறுவது தெரியாது என்பதுதான். சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும். யூரியா ஏறினால் வாந்தி வரும், அரிப்பெடுக்கும். பொட்டாசியம் ஏறும்போது பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் கால் கனக்கும், படியேறத் தொடை ஒத்துழைக்காது, நெஞ்சு படபடக்கும். வயதானவர்கள் அதை அசதி என்று படுத்துவிடுவார்கள்.

ஆனால் ஈ.சி.ஜி. காகிதத்தில் அது எழுத்தாக விழும். ரோஸ் நிறக் கட்டம் போட்ட அந்த நீளக் காகிதத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் ஒரு சின்ன மேடு, அடுத்து ஊசிபோல் ஒரு உச்சி, கடைசியில் மெத்தென்று ஒரு மேடு வரும். பொட்டாசியம் ஏறத் தொடங்கியதும் அந்தக் கடைசி மேடு மெத்தென்று இல்லாமல், நடுவில் கம்பு நட்ட கூடாரம் போல் கூராகிறது. மேலும் ஏறினால் முதல் மேடு தட்டையாகி மறைகிறது. அதற்கும் மேல் போனால் நடு ஊசி அகன்று, கடைசி மேட்டோடு ஒட்டிக்கொண்டு, கோடு முழுவதும் பாம்பு நெளிவதைப் போல் ஆகிவிடும். அந்த நெளிவைக் கண்ட மருத்துவர் ரத்தச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார். எல்லோருக்கும் இந்த வரிசையில்தான் நடக்கும் என்றும் இல்லை. ஈ.சி.ஜி. சரியாக இருந்தவர்களுக்கே திடீரென்று துடிப்பு குழம்பியதுண்டு.

அந்த நேரத்தில் முதலில் ஏற்றுவது கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தைத் துளியும் குறைப்பதில்லை. இதயத் தசையைப் பொட்டாசியத்தின் பிடியிலிருந்து காக்கிறது. இந்த அறிவின் வேர் 1880-களில், லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கரின் மேசையில் இருக்கிறது. தவளையின் இதயத்தை உப்பு நீரில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். ஒருமுறை காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைசல் தயாராகியிருந்தது. அதில்தான் இதயம் நன்றாகத் துடித்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அதற்குக் காரணம். பாத்திரத்தில் வெள்ளை படியும் தண்ணீர் என்று நாம் அலுத்துக்கொள்வோமே, அந்தச் சுண்ணாம்புதான். கால்சியமும் பொட்டாசியமும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன என்று ரிங்கர் காட்டினார். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் ஏற்றுகிற ‘ஆர்.எல்.’ பாட்டிலில் ‘ஆர்’ என்பது அவர் பெயர்.

கால்சியம் தரும் பாதுகாப்பு அரை மணி, ஒரு மணி நேரம்தான். அதற்குள் குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றுவார்கள். ஆஸ்துமாவுக்கு வைக்கும் சல்பூட்டமால் புகையையும் வைப்பார்கள். இரண்டும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் துரத்தும். ஆனால் அது ஒளித்து வைப்பதுதான். சில மணி நேரத்தில் திரும்ப வெளியே வரும். உடம்பை விட்டு வெளியேற்ற, சிறுநீர் போகிறவர்களுக்குச் சிறுநீரைக் கூட்டும் மருந்து, குடலில் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்ளும் சாஷே பவுடர், இவை போதாவிட்டால் டயாலிசிஸ்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் ஒன்று. டயாலிசிஸ் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓடிய மாவட்டத்துக்கு இவை பெரிய விஷயம். இருந்தாலும், மருத்துவமனைக்கு வெளியே உள்ள மணி நேரங்கள்தான் எனக்குக் கவலை.

டயாலிசிஸ் இயந்திரம் நான்கு மணி நேரத்தில் பொட்டாசியத்தை வடித்துவிடுகிறது. அடுத்த முறை வரும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கே ஒரு இடைவெளி நீண்டது, இரண்டு நாள். அமெரிக்காவில் 32,000-க்கும் அதிகமான நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில் மரண விகிதம் நூறு பேர்-ஆண்டுக்கு 22.1; மற்ற நாட்களில் 18.0. உப்பும் நீரும் சேர்வது பாதிக் காரணம் என்றால் பொட்டாசியம் மறு பாதியில் முக்கியமானது. நம் ஊரில் பலர் வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள். பேருந்துச் செலவு, கூட வருபவரின் ஒருநாள் கூலி எல்லாம் அதற்குக் காரணம். அவர்களுக்கு இடைவெளி மூன்று நாள். அந்த மூன்றாம் நாளில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வந்தால் என்ன ஆகும்?

இலையைப் பாருங்கள். உருளைக்கிழங்கு மசாலா, பருப்பு சாம்பாரில் முருங்கைக்காய், தக்காளி ரசம், அவியலில் சேனை, ஓரத்தில் ஒரு வாழைப்பழம். ஒவ்வொன்றும் உடம்புக்கு நல்லது. எல்லாம் சேர்ந்தால் வடிகால் இல்லாத உடம்புக்கு ஒரு வெள்ளம். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்களும் வெறும் கையோடு வருவதில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒரு சீப்பு மலைப்பழம், இரண்டு இளநீர், கொஞ்சம் சாத்துக்குடி. வீட்டில் ரத்தம் ஊறட்டும் என்று முருங்கைக்கீரை சூப். சிறுநீரகக்காரரின் கட்டிலருகே சேரும் இந்தப் பை முழுக்கப் பொட்டாசியம். அன்போடு கொடுப்பதை எப்படி மறுப்பது என்று அவரும் சாப்பிடுவார்.

இளநீரைப் பற்றி இன்னும் ஒன்று. 2014-இல் அமெரிக்க இதய மருத்துவ இதழ் ஒன்றில், வெயிலில் டென்னிஸ் விளையாடிவிட்டு ஒரே நாளில் எட்டு பாட்டில் தேங்காய்த் தண்ணீர் குடித்த 42 வயதுக்காரர், பொட்டாசியம் ஏறி மயங்கி விழுந்த கதை வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விருதுநகர், மதுரை வட்டாரத்தில் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களை முடித்துவைக்கும் கொடுமையில் இளநீருக்கு ஓர் இடம் இருந்ததை இந்தப் பக்கத்தில் அறியாதவர் குறைவு. அதில் உடல் குளிர்வதும் உண்டு, சிறுநீரகம் கைவிடுவதும் உண்டு. பொட்டாசியத்துக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தளர்ந்த உடம்புக்கு இளநீர் என்ன செய்யும் என்பது நம் கிராமங்களுக்குப் புதிய செய்தி இல்லை. அந்த அறிவைக் காப்பாற்றப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு பக்கம் மாத்திரை. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில் என்று ரத்த அழுத்தத்துக்குத் தரும் மாத்திரைகளும், இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும். ஸ்பைரோனோலாக்டோன் உயிர் காக்கிறது என்ற ஆய்வு 1999-இல் வந்ததும் உலகம் முழுக்க அதை எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பிறகு கணக்கெடுத்தார்கள். ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை எடுத்துவந்த முதியவர்களில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4, 2001-இல் 11. மருந்து கெட்டதல்ல. கொடுத்துவிட்டு ரத்தத்தைப் பார்க்காமல் விட்டதுதான் கெடுத்தது. இந்த மாத்திரைகள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பல ஆண்டுகள் காப்பவை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினோடு பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆபத்து இப்படித்தான் கூடி வருகிறது: சித்திரை வெயில், காட்டு வேலை, போதிய தண்ணீர் குடிக்காத உடம்பு, பிரஷர் மாத்திரை. மூட்டு வலிக்கிறது என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் நாலு. தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்குகிறது. நீர் வற்றிய உடம்பில் அது ஓரிரு நாளில் சிறுநீரகத்தை முடக்கிவிடும். வாந்தி பேதி வந்த நாட்களில் பிரஷர் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விரதமும் இதில் சேரும். தைப்பூசத்துக்கு ஆயிரக்கணக்கில் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் பொட்டாசியம் குறையும் என்று நினைப்பார். நேர்மாறு. பட்டினியில் இன்சுலின் இறங்கிவிடும். செல்லுக்குள் இருக்க வேண்டியது வெளியே கசியும். மலச்சிக்கலும் அப்படித்தான். சிறுநீரகம் கைவிட்டபின் குடல் தன் பங்கைக் கூட்டிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. அந்த வழியும் அடைபட்டால் ஏறும்.

பயமுறுத்தும் எண்ணெல்லாம் உண்மையும் அல்ல. ரத்தம் எடுக்கும்போது கையை இறுகக் கட்டி, விரலை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னால், கைத் தசையிலிருந்தே பொட்டாசியம் ரத்தத்தில் கசியும். எடுத்த ரத்தம் ஊரிலிருந்து டவுன் லேபுக்கு வெயிலில் குலுங்கிக்கொண்டே போனால், சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் குழாயிலேயே வெளிவந்துவிடும். சீட்டில் 6.2 என்று இருக்கும். மனிதர் நன்றாக இருப்பார். சந்தேகம் வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, மறுபடி ரத்தம் எடுப்பார்கள். சிறுநீரக நோயோ மேலே சொன்ன மாத்திரையோ இருப்பவர் இதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. அன்றே போய்ப் பார்க்க வேண்டும்.

பொட்டாசியம் ஏறியவரின் எதிர்காலம் என்ன? வலி மாத்திரையாலோ நீர் வற்றியதாலோ ஏறி, நேரத்துக்கு வந்து சேர்ந்து, சிறுநீரகம் மீண்டவர் முழுமையாகப் பழைய வாழ்க்கைக்குத் திரும்புவார். நாள்பட்ட சிறுநீரக நோயில் அது திரும்பத் திரும்ப வரும். ஆனால் கட்டுக்குள் வைக்க முடியும். குடலில் பொட்டாசியத்தைப் பிடிக்கும் புதிய பவுடர்கள் வந்ததால், பொட்டாசியம் ஏறுகிறது என்று நல்ல மாத்திரைகளை நிறுத்தும் கட்டாயமும் குறைந்து வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்த முறையில் பொட்டாசியம் தினமும் வடிவதால் மூன்று நாள் இடைவெளி என்ற பேச்சே இல்லை. அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கும் குடும்பங்கள் இன்னும் கூட வேண்டும் என்பது என் ஆசை.

அடுப்படியிலும் ஒரு வழி இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னச் சின்னதாக அரிந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியத்தில் கணிசமான பகுதி தண்ணீரோடு போய்விடும். முழுசாக வேகவைத்தால் போகாது; அரிந்த முகம் வழியாகத்தான் அது கரைந்து இறங்கும். காய் வெந்த நீரில்தான் சத்து என்று ரசத்தில் ஊற்றிப் பழகிய கைக்கு இது மனம் வராத காரியம். ஆனால் அந்தச் சத்தில்தான் இந்தப் பொட்டாசியமும் இருக்கிறது. ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்புப் பொட்டலத்தையும் திருப்பி, பின்பக்கம் பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வேண்டாம்.

பழத்துக்கு ஏங்குகிறவருக்கு ஆப்பிள் ஒரு துண்டு, பேரிக்காய் ஒரு துண்டு கொடுக்கலாம். மலைப்பழமே வேண்டும் என்று கேட்டால் டயாலிசிஸ் பிரிவில் கேட்டுப் பாருங்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் மணி நேரத்தில், அன்றைய பொட்டாசியத்தைப் பார்த்துவிட்டு, சில இடங்களில் அனுமதிப்பார்கள். சிறுமலைப் பழம் சின்னது. ஒரு சீப்பு வேண்டாம், ஒன்றே ஒன்றை எடுத்துப் போங்கள்.